ஓடுகிற கம்ப்யூட்டரும் பன்னிரண்டு நிமிஷமும்

சம்பந்தி ஏழுமலை மானிட்டரை வயிற்றோடு அணைத்துப் பிடித்தபடி லிஃப்டுக்குள் நின்றார். முதுகு புடைத்த பழைய காலத்து மானிட்டர். கதவு மூட வரும், அவர் முழங்கையில் இடிக்கும், மறுபடி திறந்துகொள்ளும். மூன்று முறை இப்படி ஆனது. நான் கீபோர்டையும் ஒயர்களையும் ஒரு துணிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் ஒண்டி நின்றேன்.

"நல்லா ஓடுதுல்ல சம்பந்தி?"

"ஓடுது."

"அப்புறம் இன்னாத்துக்குத் தூக்கிப் போடப் பாத்தீங்க? ஓடுற பொருளு. எங்க வூட்ல ஒரு ஓரமா இருந்துட்டுப் போவட்டும்."

கீழே அவருடைய லோடு வண்டி நின்றது. காலையில் எங்களுக்கு ஒரு மூட்டை வேர்க்கடலை கொண்டுவந்து இறக்கிய வண்டி. சவுக்குப் பட்டை சிதறிக் கிடந்த அதன் தளத்தில் கோணியை விரித்து, மானிட்டர், சிபியு, பிரிண்டர் மூன்றையும் வரிசையாக வைத்துக் கயிறு போட்டார். கன்றுக்குட்டியை ஏற்றுகிறவர் மாதிரி அவ்வளவு பதவிசு.

வண்டி படூர் சர்வீஸ் ரோட்டில் திரும்பி மறையும்வரை நின்றேன். நாலைந்து மாதமாக நடக்காத காரியம் நடந்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டும். ஆனால் என் சட்டைப் பையில் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு பொருள் இருந்தது. அதை மட்டும் நான் அவரிடம் கொடுக்கவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றே.

போன வாரம் இந்தத் தொடரில் கல்பாக்கம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்த கதையோடு நிறுத்தியிருந்தேன். அடுத்து வேறு ஏதோ எழுதுவதாக இருந்தேன். ஆனால் இதை எழுதாமல் மேலே போக முடியவில்லை. வீட்டிலும் எழுதச் சொல்லிவிட்டார்கள்.

யாருக்கும் வேண்டாம்

ரிட்டயர் ஆகி படூரில் வாங்கிய ஃப்ளாட்டில் இரண்டு அறை. பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் மேஜை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் என் மனைவி மீனாட்சி அதில் இடுப்பை இடித்துக்கொள்வாள். இடித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் என் பெயரைச் சொல்லித்தான் திட்டுவாள்.

நானும் முயற்சி செய்யாமல் இல்லை. அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டேன். "ஆபீசுக்கு லேப்டாப் வாங்கியாச்சு அங்கிள்" என்றார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் கேட்டேன். அங்கே இருந்த அம்மா, நான் ஏதோ அம்மிக்கல் கொடுக்க வந்தவன் மாதிரி பார்த்தார். வாட்ச்மேன் ஒருவர்தான் கொஞ்சம் யோசித்தார்.

"ஆசைதான் சார். எங்க ரூம்ல ஒரே ஒரு பிளக் பாயிண்ட்டுதான் கீது. அதுல ஃபேன் ஓடுது."

பழைய சாமான் எடுக்கிறவர் இன்னும் நேராகப் பேசினார். "ஓடுனா இன்னா சார், ஓடாட்டி இன்னா? உடைச்சுதான் எடுப்போம்."

வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவேன். பட்டனை அழுத்தினால் உள்ளே ஃபேன் உறுமும், தூசு வாசனை வரும். திரையில் படம் வருவதற்குள் ஒரு டம்ளர் காபி குடித்து முடித்துவிடலாம். ஆனால் வந்துவிடும். ஒரு நாளும் ஏமாற்றியதில்லை. கெட்டுப்போயிருந்தால் தூக்கிப் போட்டிருப்பேன். ஓடுகிறதே, அதுதான் தொல்லை. எனக்கும் ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது.

அலுப்புக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. யாராவது "சரி, கொடுங்க" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் இருந்தபோது வாங்கினோம். மகள் கலை படிப்பதற்கு என்று சொல்லி வாங்கியது. படித்தாள், விளையாடினாள், பிறகு செல்போன் வந்ததும் விட்டுவிட்டாள். அது என் கைக்கு வந்தது.

நான் வேலை பார்த்தது வரைபடப் பிரிவில். டிராஃப்ட்ஸ்மேன். கோடும் கட்டமுமாகவே முப்பது வருஷம் ஓடியது. யாரோ ஒரு நண்பர் ஜாதகம் போடும் ப்ரோகிராம் ஒன்றை அறிமுகப்படுத்தியபோது என்னைக் கவர்ந்தது ஜோசியம் அல்ல, அந்தக் கட்டங்களின் நேர்த்தி. பன்னிரண்டு வீடும் பிசிறில்லாமல் வரும்.

வெளியே தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டில் ஆள் சேர ஆரம்பித்தது. திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், நாகர்கோவில்காரர் என்று டவுன்ஷிப்பில் எல்லா ஊர்க்காரர்களும் உண்டு. சொந்த ஊர் ஜோசியரைத் தேடி யார் போவது? பிறந்த நேரம் எழுதிய துண்டுச் சீட்டோடு வருவார்கள். நான் போட்டு பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். பலன் சொல்ல மாட்டேன். தெரியாது.

அந்த ப்ரோகிராமுக்கு ஒரு பூட்டு உண்டு. பிரிண்டர் ஒயரைச் செருகும் இடத்தில் நடுவில் மாட்ட வேண்டிய சின்னப் பெட்டி. லாக் என்பார்கள். அது இருந்தால்தான் ப்ரோகிராம் திறக்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அதை மாட்ட இடமே கிடையாது. ஆகவே எல்லாரும் புதுசு வாங்கிய பிறகும் நான் இதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

ஆர்-0, ஆர்-1

எங்கள் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. எந்த வரைபடத்தையும் அழிக்கக் கூடாது. முதலில் வரைந்தது ஆர்-0, ஆர் என்றால் ரிவிஷன். திருத்தினால் ஆர்-1. இரண்டும் கோப்பில் இருக்கும். திருத்தியது தப்பு என்று தெரிந்து பழைய அளவுக்கே திரும்பினாலும் ஆர்-0 என்று போட முடியாது, ஆர்-2 என்றுதான் போட வேண்டும். நடுவில் ஒரு தப்பு நடந்தது என்பது காகிதத்தில் இருக்க வேண்டும் என்பார் என் மேலதிகாரி.

இந்தப் பழக்கம் ஜாதகத்திலும் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு தாளின் அடியிலும் சின்ன எழுத்தில் மூன்று விஷயம் போடுவேன். திருத்த எண், வரைந்தவர், சரிபார்த்தவர். வரைந்தவர் நான். சரிபார்த்தவர் மீனாட்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துண்டுச் சீட்டில் இருக்கிற நேரத்தையும் திரையில் இருக்கிற நேரத்தையும் உரக்கப் படித்து ஒத்துப் பார்ப்பாள். அதன் பிறகுதான் பிரிண்ட். வந்தவர்கள் சிரிப்பார்கள். "அணு உலைக்கே இவ்வளவு செக்கிங் இருக்காது போலிருக்கே சார்!"

கலை சின்ன வயதில் பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில்கூட ஆர்-1 என்று எழுதி டீச்சரிடம் திட்டு வாங்கினாள். அப்படி ஒரு வீடு எங்களுடையது.

சரோஜா வைத்த ஒரே நிபந்தனை

கலை கல்லூரியில் படித்தபோது பிரபுவைச் சந்தித்தாள். செய்யூர்ப் பையன். நிலமும் சவுக்குத் தோப்பும் உள்ள குடும்பம், அப்பா ஏழுமலைக்கு இரண்டு லோடு வண்டி. நாங்கள் விருதுநகர்ப் பக்கம். இரண்டு வீட்டிலும் கொஞ்சநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். பிறகு எல்லாரும் களைத்துப்போய்ச் சம்மதித்தோம்.

பிரபுவின் அம்மா சரோஜா மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்.

"சாதி கேக்கல, சீர் கேக்கல. ஜாதகம் மட்டும் பொருந்தணும். எங்க அண்ணன் கல்யாணத்துல அத்த பாக்காத பட்ட பாடு போதும்."

ஜாதகம் போடுகிற வீட்டுப் பெண்ணின் ஜாதகத்தைக் கேட்டார்கள். ஆனால் கலையின் ஜாதகத்தில் செவ்வாய் எட்டில் இருந்தது. எட்டில் செவ்வாய் இருந்தால் புருஷனுக்கு ஆகாது என்பார்கள். சரோஜா அந்தத் தாளைத் தொடக்கூட மாட்டார்.

கலை அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. "அப்பா, எப்படியாவது ஆகிடும்லப்பா?" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மீனாட்சியை சதுரங்கப்பட்டினத்துக்குக் கருவாடு வாங்கி வர அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கலை பிறந்தது காலை எட்டு இருபது. அதை எட்டு எட்டு என்று மாற்றினேன். பன்னிரண்டு நிமிஷம். லக்னம் ஒரு கட்டம் பின்னால் போனது, செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. ஒன்பதில் தோஷம் இல்லை. அவ்வளவு சுலபம்.

இனி நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். திருட்டுத்தனம் செய்கிறவன் தடயத்தை அழிப்பான். நான் டிராஃப்ட்ஸ்மேன். பழைய ஜாதகத்தை "கலை ஆர்-0" என்றும் புதியதை "கலை ஆர்-1" என்றும் சேமித்தேன். போதாததற்கு, குறிப்பு எழுதும் இடத்தில் "செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்கு" என்று திருத்தத்துக்குக் காரணமும் எழுதினேன். கை தானாகச் செய்தது. சரிபார்த்தவர் என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டேன். மீனாட்சியின் பெயரை அதில் போட மனசு வரவில்லை.

கல்யாணம் நன்றாகவே நடந்தது.

ஆஸ்பத்திரி வராந்தா

இரண்டு வருஷம் கழித்து, கடப்பாக்கம் திரும்பும் இடத்தில் பிரபுவின் பைக் சறுக்கிவிட்டது. வலது காலில் மூன்று இடத்தில் எலும்பு முறிவு. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். தையல் புண் ஆறாமல் ஒரு மாதம் அங்கேயே கிடந்தார். எழுந்து நடக்க ஆறு மாதம்.

ஜோசியத்தை நான் நம்புகிறேனா என்று கேட்டால் பாதி என்றுதான் சொல்வேன். நல்லது நடக்கும்போது நம்புவதில்லை. அந்த வராந்தாவில் டெட்டால் வாசனைக்கு நடுவே நின்றபோது முழுசாக நம்பினேன். கம்பி வைத்த கால் என் கைவேலை என்றே தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வந்தாலும் "மெஷின் ரிப்பேர்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பூட்டு

இப்போது ஏழுமலையின் லோடு வண்டிக்கு வருகிறேன். கடலை மூட்டையை இறக்கிவிட்டுக் காபி குடித்தவர் மேஜையைப் பார்த்தார். "ஜாதகம் போடற மெஷினு இதானா? சரோஜா கேட்டுக்கினே கீது. அது வேணுமாம். இருங்க, இப்பவே தூக்கிக்கினு போறன்" என்று எழுந்துவிட்டார். மீனாட்சி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் எந்த வாயால் வேண்டாம் என்பது?

"கொஞ்சம் தூசு தட்டித் தர்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தேன். பட்டியலைத் திறந்து கலையின் பெயர்மேல் அம்புக்குறியை வைத்தேன். ஆர்-0 வை அழித்தால் போதும். கை வரவில்லை. அது அவள் நிஜமாகப் பிறந்த நேரம். நர்ஸ் வெளியே வந்து சொன்னதும் நான் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்ட நேரம். அதை அழித்துவிட்டுப் பொய்யை மட்டும் மிச்சம் வைப்பதா?

கடைசியில் பின்பக்கம் கையை விட்டு லாக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லாக் இல்லாவிட்டால் ப்ரோகிராம் திறக்காது. திறக்காவிட்டால் யாரும் பார்க்க முடியாது. பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

மூன்றாம் நாள் சரோஜா போன் செய்தார். "அண்ணா, மத்ததெல்லாம் ஓடுது. ஜாதகம் மட்டும் தொறக்க மாட்டேங்குது. ஏதோ லாக்கு இல்லன்னு எழுதிக் காட்டுதாம், கலை சொல்லுது."

"தேடிப் பாக்கிறேம்மா" என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அதற்கடுத்த வாரமும். இதற்கிடையில் மீனாட்சி என் சட்டையைத் துவைக்கப் போடும்போது பைக்குள் கைவிட்டுவிட்டாள்.

"இது அந்த லாக்குதானே?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையைப் பக்கெட்டில் போட்டுவிட்டு, ஈரக் கையோடு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னிக்கும் இல்லாத திருநாளா என்னைக் கருவாடு வாங்க அனுப்பினப்பவே நினைச்சேன்" என்றாள். பிறகு, "போய் மாட்டிக் குடுத்துட்டு வாங்க. அழிக்கிறதா இருந்தா அங்கே வச்சு அழிங்க. சொல்றதா இருந்தா சொல்லுங்க. என்னால இந்தப் பெட்டியோட ஒரே வீட்ல இருக்க முடியாது."

கடற்கரைச் சாலை

கேளம்பாக்கத்தில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் மாறினேன். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. உப்புக்காற்றும் வெயிலும் முகத்தில் அடித்தன. கல்பாக்கம் திருப்பத்தில் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் "கூவத்தூர் போவணும்னீங்களே பெருசு, குந்துங்க" என்றார். பாலாற்றுப் பாலத்தில் போகும்போது ஒரு யோசனை வந்தது. லாக்கை ஜன்னல் வழியாக வீசிவிட்டால் என்ன? கீழே மணல்தான், தண்ணீர்கூட இல்லை. வீசவில்லை. வீசவும் தெம்பு வேண்டும்.

திட்டம் எளிமையானது. லாக்கை மாட்டுவேன். சோதித்துப் பார்க்கிறேன் என்று சொல்லி, யாரும் பார்ப்பதற்குள் கலையின் பெயரில் இருக்கிற இரண்டையும் அழிப்பேன். சாப்பிடுவேன், திரும்புவேன்.

கூவத்தூரில் பிரபு பைக்கோடு காத்திருந்தார். வலது காலைக் கொஞ்சம் விந்தி நடந்து வந்து என் பையை வாங்கிக்கொண்டார். "எதுக்கு மாமா இந்த வெயில்ல? கூரியர்ல அனுப்பியிருக்கலாமே" என்றார். அவர் காலைப் பார்க்காமல் இருக்க நான் ரோட்டையே பார்த்தேன்.

கட்டத்துக்கு முன்னால்

கம்ப்யூட்டரை நடு ஹாலில் வைத்திருந்தார்கள். மானிட்டர்மேல் பூப்போட்ட துணி. ஓரத்தில் குங்குமப் பொட்டுகூட வைத்திருந்தார்கள். என் வீட்டில் அதற்கு ஒருநாளும் இந்த மரியாதை கிடைத்ததில்லை.

பின்னால் குனிந்து லாக்கை மாட்டினேன். ப்ரோகிராம் திறந்தது. பட்டியல் வந்தது. அம்புக்குறியைக் கீழே இறக்க ஆரம்பித்தபோது சரோஜா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கையில் மஞ்சள் தடவிய இரண்டு தாள்கள். பூஜை அலமாரியில் இருந்து எடுத்து வந்த கல்யாண ஜாதகங்கள். கலை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணா, மொதல்ல பிரபுவுது போடுங்க. நான் நாலு நேரம் சொல்றன். ஒண்ணொண்ணா போட்டுப் பாக்கலாம்."

"அவருக்குத்தான் ஏற்கெனவே நேரம் இருக்கேம்மா."

"அது தப்புண்ணா." சரோஜா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆஸ்பத்திரில இருக்கறப்ப ரெண்டு ஜாதகத்தையும் எடுத்துக்கினு ஜோசியர்கிட்ட போனேன். இந்தக் கட்டத்துக்கு இப்பிடி நடக்கக் கூடாதே, யாரோ நேரத்தத் தப்பாச் சொல்லிக்கீறாங்கன்னாரு. உங்க வூட்ல தப்பு வராது. ஊருக்கே போட்டுக் குடுத்தவரு நீங்க. அப்ப நான்தானே?"

நான் அம்புக்குறியைப் பட்டியலில் மேலும் கீழும் நகர்த்தினேன்.

"இவன் பொறந்தப்ப வூட்ல கடியாரம் இல்ல. ரைஸ்மில்லு சங்கு ஊதுச்சுன்னு மாமியாரு சொன்னாங்க. அத்த வச்சி சொன்னேன். எந்த சங்குன்னு எனக்கு இன்னா தெரியும்? நேரத்தத் தப்பாச் சொல்லி, பொருத்தத்தத் தப்பாப் பாத்து, எம்புள்ள கால நானே ஒடிச்சிட்டேண்ணா. அன்னிலேர்ந்து செவ்வாக்கெழம சோறு துன்றதில்ல."

பிரபு கட்டிலில் இருந்து அலுப்போடு சொன்னார். "நாய் குறுக்க வந்துச்சும்மா. பிரேக் புடிச்சேன், வுழுந்தேன். எத்தினி தடவ சொல்றது?"

"நீ சும்மா இரு."

நான் அந்த அம்மாளின் கையைப் பார்த்தேன். இரண்டு தாளையும் மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். நான் பயந்தது மகளின் வாழ்க்கைக்கு. இப்படி ஒருத்தி, என் பொய்யை நம்பியதற்காகவே, தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பாள் என்று நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அம்புக்குறி கலையின் பெயருக்கு வந்து நின்றது. ஒரு பட்டன்தான். அழித்துவிட்டு, இவர் சொல்கிற நாலு நேரத்தையும் போட்டுக் காட்டி, ஏதோ ஒன்றைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விடலாம்.

முடியவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

"சரோஜாம்மா, தப்பு உங்க நேரத்துல இல்ல. எங்க வீட்டு நேரத்துலதான்."

ஆர்-0 வைத் திறந்தேன். எட்டு இருபது. ஆர்-1 ஐத் திறந்தேன். எட்டு எட்டு. குறிப்பையும் படித்துக் காட்டினேன். குரல் எனக்கே யாருடையதோ போல இருந்தது. "கலைக்கு எதுவும் தெரியாது. எல்லாம் நான் செஞ்சது" என்று முடித்தேன்.

ஏழுமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னா சம்பந்தி இது?" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். சரோஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நிமிசம்?"

"பன்னிரண்டும்மா."

"பன்னெண்டு நிமிசம்" என்றார். "நான் எட்டு மாசமா சோறு துன்னல."

எழுந்து உள்ளே போனார். கலையைத் தாண்டித்தான் போக வேண்டும். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதிக்கிற சத்தம் கேட்டது. என்னை யாரும் சாப்பிடக் கூப்பிடவில்லை.

பஸ் ஸ்டாப்பில்

கலை ஸ்கூட்டரில் கூவத்தூர் வரை கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா."

"என்னது?"

"ஆஸ்பத்திரியில அத்தை அந்தத் தாளை என்கிட்டத்தான் குடுத்து வச்சிருந்தாங்க. கீழே ஆர்-ஒன்னு போட்டிருந்தீங்க. சரிபார்த்தவர் இடத்துல அம்மா பேர் இல்ல. ஆர்-ஒன் இருந்தா ஆர்-ஜீரோ இருக்கும்லப்பா. வேற யாருக்குப் புரியும்? எனக்குப் புரியாதா?"

அந்தத் தாளைக் கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ பேர் புரட்டிப் பார்த்தார்கள். அதன் அடியில் நானே என் குற்றத்துக்கு எண் போட்டுக் கொடுத்திருந்தேன்.

"ஏம்மா என்கிட்ட கேட்கல?"

"கேட்டு? நீங்க ஆமாம்னு சொன்னா நான் எங்கே போறது?" ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆபரேஷன் முடியிற வரைக்கும் வாசல்ல உக்காந்து, நான்தான் காரணம், நான்தான் காரணம்னு நினைச்சுட்டே இருந்தேன். இதையெல்லாம் நம்பாதவதான் நான். அந்த பெஞ்சுல உக்காந்தா எதையும் நம்பத் தோணும்ப்பா."

நான் நின்ற அதே வராந்தா. அவள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்திருக்கிறோம். டீ வேண்டுமா என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அதை நினைத்தபோது வெட்கத்தில் உடம்பு கூசியது. மகளைக் காப்பாற்றியதாக இத்தனை நாள் நம்பியிருந்தேன். அவளைத் தனியாக விட்டிருக்கிறேன்.

"மன்னிச்சுக்கோ" என்றேன். மகளிடம் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. பஸ் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் வழியாக என் கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஒரு போட்டோ

அதன் பிறகு செய்யூரிலிருந்து போன் வரவில்லை. மீனாட்சி கூப்பிட்டால் சரோஜா எடுத்து, "ம்", "நல்லாக்கீறோம்" என்று இரண்டு வார்த்தையில் வைத்துவிடுவார். கலையிடம் கேட்டால், "அத்தை பேசுறாங்க. என்கிட்ட கோபமில்ல. உங்க பேச்சை மட்டும் எடுக்கறதில்ல" என்றாள். பால்கனிக் கதவுப் பக்கம் காலியாகக் கிடந்தது. மேஜை இருந்த இடத்தில் தரையில் நான்கு கறுப்புத் தழும்புகள். மீனாட்சி துணி காயப்போட நேராகப் போனாள், வந்தாள். யாரும் யாரையும் திட்டவில்லை. அந்த அமைதியும் ஒரு பாரமாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கலையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. எழுத்து எதுவும் இல்லை, போட்டோ மட்டும். பூஜை அலமாரியில் சாய்த்து வைத்த புதுத் தாள். நான்கு மூலையிலும் மஞ்சள், இன்னும் ஈரம் காயவில்லை. என் பழைய பிரிண்டரில் அடித்தது என்று பார்த்ததும் தெரிந்தது. இடது ஓரத்தில் ஒரு கோடு மங்கலாக விழும், அது விழுந்திருந்தது.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். கலையின் ஜாதகம். செவ்வாய் எட்டிலேயே இருந்தது. தாளின் அடியில் சின்ன எழுத்தில் வழக்கமான மூன்று வரி.

திருத்தம்: ஆர்-2.

வரைந்தவர்: கலை.

சரிபார்த்தவர்: சரோஜா.

அதற்குக் கீழே இன்னொரு போட்டோவும் வந்து விழுந்தது. வாழை இலையில் சோறு, குழம்பு, ஓரத்தில் சரோஜாவின் வளையல் கை.

எனக்குக் கண் மறைத்தது. செல்போனை மீனாட்சியிடம் நீட்டினேன். அவள் கையைப் புடவையில் துடைத்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் படிப்பது போலவே பிறந்த நேரத்தை உரக்கப் படித்தாள்.

"காலை எட்டு இருபது. சரியா இருக்கு."